நாலு துளைக் குழல்: தொடக்கப் பள்ளியில் பாட்டு, பாண்டி, ஊதல்

எங்கள் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேர் இப்போது சேர்ந்து குழல் ஊதுகிறார்கள். ஐந்து ஸ்வரம் மட்டும் வருகிற, நாலே துளை உள்ள குழல். தண்ணீர்க் குழாயை அறுத்து நாங்களே செய்தது. யார் எப்படி ஊதினாலும் மோகன ராகத்தை (ஸ ரி க ப த) விட்டு வெளியே போக முடியாது. அதனால் 18 பேரும் ஒரே நேரத்தில் ஊதினாலும் உட்கார்ந்து கேட்க முடிகிறது. அரம், ரம்பம், அளவு, செலவு எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். வேறு யாராவது ஓர் ஆசிரியர் இதில் இறங்கினால் பாதி வேலை மிச்சமாகட்டும்.

காவிரி டெல்டாவில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இது. இசைக்குத் தனி ஆசிரியர் கிடையாது. நான் வகுப்பாசிரியர்தான். சின்ன வயதில் வாய்ப்பாட்டு கொஞ்சம் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான். பாட்டு வகுப்பறைக்குப் புதிதில்லை. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து முதல் மூன்று வகுப்புகளில் பாடலும் ஆடலும் பாடத்தோடு சேர்ந்தே நடக்கின்றன. பிள்ளைகள் கூச்சமில்லாமல் பாடுவார்கள். ஆனால் ஆளுக்கொரு சுருதி. முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது அதைத்தான்.

செல்போனில் தம்பூரா ஆப் போட்டு 1 கட்டையில் (கீபோர்டின் C சுருதி) வைத்தேன். நான் பாடிக்காட்ட, பிள்ளைகள் திருப்பிப் பாட வேண்டும். நாலைந்து பையன்கள் தொண்டையை அடக்கி உறுமினார்கள். சுருதி தெரியாத பிள்ளைகள் என்று அவர்களை ஒதுக்கிவிடத் தோன்றும். அப்படி இல்லை. என் ஆண்குரல் ஒரு ஸ்தாயி (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரை உள்ள தூரம்) கீழே இருக்கிறது. அதை அப்படியே பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள். காது சரியாக வேலை செய்கிறது, தொண்டைக்குத்தான் அந்த இடம் எட்டவில்லை. ஐந்தாம் வகுப்பில் சுருதி நிற்கிற ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தி, அவள் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடும்படி மாற்றினேன். அந்த வாரமே உறுமல் நின்றது. ஆண் ஆசிரியர்கள் இதை முதல் நாளிலேயே செய்துவிடலாம்.

பாட்டு என்ன கொடுப்பது? வழக்கப்படி ஸ வில் தொடங்கி ஸ, ரி, க என்று மூன்று ஸ்வரப் பாட்டு கட்டினேன். மெதுவாக ஏறுகிற அந்த வரிசையில் பிள்ளைகள் வழுக்கினார்கள். ரிஷபம் (ரி) எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பிறகு ப, க இரண்டை மட்டும் வைத்துக் கட்டினேன். வயல் வரப்பின் அந்தக் கோடியில் நிற்கிறவரை நாம் இழுத்துக் கூப்பிடும்போது குரல் தானாக விழுகிற இடைவெளி அது. ஹங்கேரியின் கோடாய் வழியில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித்தருகிறவர்களும் பெரும்பாலும் இந்த இரண்டு ஸ்வரத்தில்தான் தொடங்குகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்ட உடனே வந்தது.

“மாடு ரெண்டு மேயுது” என்பது ப ப க க ப ப க. கடைசி ஸ்வரத்தை இரண்டு எண்ணிக்கை இழுக்க வேண்டும். “மணிச் சத்தம் கேக்குது” என்பதற்கும் அதே மெட்டு. இது ஊறியதும் தைவதத்தை (த) சேர்த்து “ஓடிப் போயி கட்டுவோம்”: ப ப த த ப ப க. வார்த்தையும் மெட்டும் இவ்வளவுதான். இதில் நான் எதையும் கூட்டவில்லை. தகதிமி தகதிமி என்று கைதட்டிக்கொண்டு, நடந்துகொண்டு, கடைசியில் வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு தட்டு மட்டும் வெளியே கேட்கும்படி என்று பல விதமாகப் பாடினோம். வாய்க்குள் பாடுகிற அந்தப் பயிற்சி பின்னால் குழலுக்கு ரொம்ப உதவியது.

அப்புறம் பாண்டி. முற்றத்தில் சாக்பீஸால் நேர்வரிசையாக ஏழு கட்டம் போட்டு ஸ ரி க ம ப த நி என்று எழுதினேன். ஒரு பிள்ளை நொண்டியடித்துப் போக, மற்றவர்கள் அவள் நிற்கிற கட்டத்தைப் பாட வேண்டும். அவள் திரும்பினால் பாட்டும் திரும்பும், நின்றால் பாட்டும் நிற்கும். மெட்டை அவள் கால் போடுகிறது. பாண்டி விதிப்படி சில்லு கிடக்கிற கட்டத்தை மிதிக்கக் கூடாது அல்லவா? ஆகவே சில்லு விழுந்த ஸ்வரத்தைப் பாடக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாள் இரண்டு சில்லு போட்டு ஆடினார்கள். ஒன்று ம மேல் விழுந்தது, இன்னொன்று நி மேல். மிச்சமிருந்த ஐந்து கட்டத்தில் ஒரு பையன் இஷ்டத்துக்குக் குதிக்க, பாடியவர்கள் வாயிலிருந்து மோகனம் வந்தது. எப்படிக் குதித்தாலும் நன்றாகவே இருந்தது. அன்றைக்கு அதை விளையாட்டாகத்தான் பார்த்தேன். குழலில் துளையைக் குறைக்கலாம் என்ற எண்ணம் அந்தச் சில்லிலிருந்துதான் பிறகு வந்தது.

மூச்சுக்குத் தனியாக வேலை கொடுத்தோம். கொடிக்கயிற்றில் செய்தித்தாள் பட்டைகளைத் தொங்கவிட்டு, ஒரு முழ தூரத்தில் நின்று ஊத வேண்டும். பட்டை சாய வேண்டும், சாய்ந்த நிலையிலேயே எட்டு எண்ணும்வரை நிற்க வேண்டும். பலமாக ஊதுகிறவர்களுக்குப் பட்டை எகிறிவிட்டு மூன்று எண்ணுவதற்குள் விழுந்துவிடும். அளவாக ஊதுகிறவர்கள் ஜெயிப்பார்கள். குழலுக்கு வேண்டியதும் இந்த அளவான மூச்சுதான்.

அதற்கடுத்து பூவரச இலை பீப்பி. வாய்க்கால் கரை முழுக்க பூவரசுதான். துளிரும் வேண்டாம், முற்றலும் வேண்டாம். நடுத்தரமான இலையை எடுத்து, காம்பையும் அடிப்பக்கத் தடித்த நரம்பையும் கிள்ளிவிட்டு, ஓரத்திலிருந்து இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை விரலால் தட்டையாக அழுத்தி ஊதினால் பீ என்று கத்தும். சின்ன இலை கீச்சென்று கத்தும், பெரிய இலை கொஞ்சம் தணிந்து கத்தும். நான் சொல்லாமலே பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, இலைகளை அளவுவாரியாக அடுக்கிவைத்துக்கொண்டு ஊதினார்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் வாசிக்கிற நாகஸ்வரக்காரர் ஒருவரை வகுப்புக்கு அழைத்திருந்தேன். நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற பகுதியான சீவாளியைக் கழற்றிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். திருவாவடுதுறைப் பக்கம் நாணல் தட்டையில் செய்கிற சீவாளி. தட்டையான இரண்டு நாக்கு, நடுவில் மயிரிழை இடைவெளி. ஒரு பெண் தன் இலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, ரெண்டும் ஒண்ணுதானே?” என்றாள். “ஒண்ணுதாம்மா. உன்னுது சாயங்காலம் வாடிப்போவும், என்னுது கொஞ்ச நாள் தாங்கும்” என்றார். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும், அதை ஆச்சா மரத்தில் கடைவதையும் பிள்ளைகளுக்குச் சொன்னார். பீப்பியில் நாலு பிடி வாசித்தும் காட்டினார். நல்ல வாசிப்பு.

உறிஞ்சுகுழலின் முனையை நசுக்கி, கூராக வெட்டி ஊதுகிற ஊதலும் செய்து பார்த்தோம். ஊதிக்கொண்டே கத்தரிக்கோலால் அடியை வெட்ட வெட்ட ஒலி ஏறிக்கொண்டே போகும். நீளம் குறைந்தால் சுருதி ஏறும் என்பதைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2019-இலிருந்து பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை. காகிதக் குழல் எச்சில் பட்டதும் ஊறி, நாக்கு ஒட்டிக்கொண்டு, இரண்டாவது வெட்டுக்குள் ஊமையாகிவிடுகிறது. அதற்குப் பதில் பப்பாளி இலைக் காம்பு நன்றாக வேலை செய்தது. ஒரு பக்கம் கணு மூடியிருக்க, அதன் கீழே கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல், அவ்வளவுதான். பால் வடிந்து உதடு அரிக்கும். வெட்டிய காம்பைக் கழுவிக் காயவைத்து, துடைத்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும்.

இனி குழல். திருவிழாக் கடை மூங்கில் குழல் இரண்டு வாங்கி வந்தேன். பக்கவாட்டில் பிடித்து ஊதுகிற குழலில் முதல் ஒலி வருவதே எட்டு, ஒன்பது வயதுக்குப் பெரும்பாடு. உதட்டுக் கோணம் தேடி ஊதி ஊதி, தலை சுற்றுது சார் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒலி வந்த ஒன்றிரண்டு பேருக்கும் விரல் எட்டவில்லை. அந்தக் குழல்களின் துளைகளும் எந்தச் சுருதிக்கும் சேரவில்லை. கும்பகோணம் சரப சாஸ்திரி புல்லாங்குழலைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மண் இது, அந்த வாத்தியத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதற்கான வயது இது இல்லை என்று மட்டும் சொல்வேன்.

வெளிநாட்டுப் பள்ளிகளில் கொடுக்கிற, நேராகப் பிடித்து ஊதுகிற பிளாஸ்டிக் குழலான ரிக்கார்டர் வாங்கிப் பார்த்தேன். ஊதினால் உடனே ஒலிக்கிறது, சுருதி சுத்தம். ஆனால் முன்னால் ஏழு துளை, பின்னால் ஒன்று. கட்டைவிரலும் இடது கை மூன்று விரலும் போதும் என்கிற அளவில் பாட்டு இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கீழே இறங்க இறங்க மோதிர விரல் துளையை முழுசாக மூடாமல், காற்று ஒழுகிக் கீச்சிடுகிறது. ஒன்று 500 ரூபாய்க்கு மேல். பிள்ளைக்கு ஒன்று வேண்டும், எச்சில் விஷயத்தில் பங்குபோட முடியாது. எங்களால் கட்டுப்படியாகாது. அதன் ஊதுமுனை மட்டும் பிடித்திருந்தது. அப்போதுதான் பாண்டிச் சில்லு ஞாபகம் வந்தது. ரிக்கார்டர் மாதிரி ஊதுமுனை, மோகனத்துக்கு வேண்டிய துளை மட்டும். எல்லாத் துளையும் மூடினால் ஸ. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் ரி, க, ப, த. நாலு துளை போதும்.

மாதிரிக் குழல்களை வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 20 மி.மீ. பி.வி.சி. குழாயில் செய்தேன். மெல்லிய சுவர், அறுக்க எளிது, விலையும் குறைவு. ஆனால் பிள்ளைகள் வாயில் வைக்கிற பொருள். பி.வி.சி. குழாய்களில் ஈயம் சேர்ப்பது உண்டு, அதைக் கட்டுப்படுத்த 2021-இல் மத்திய அரசு விதியே கொண்டுவந்திருக்கிறது. எது எந்தக் காலத்துக் குழாய் என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே குடிநீருக்கும் வெந்நீருக்கும் போடுகிற வெளிர்மஞ்சள் சி.பி.வி.சி. குழாய்க்கு மாறினேன். முக்கால் அங்குலம் என்று கேட்டால் வெளிவிட்டம் 22 மி.மீ. சொச்சம், உள்விட்டம் ஏறக்குறைய 18 மி.மீ. உள்ளது கொடுப்பார்கள். இன்னொரு எச்சரிக்கை: மூங்கிலில் செய்வதுபோல இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இதில் துளை போடவே கூடாது. வருகிற புகை நச்சு. டிரில்லும் அரமும் மட்டும்தான்.

3 மீட்டர் குழாயை ஆக்சா பிளேடால் 36 செ.மீ. துண்டுகளாக அறுத்தால் எட்டு கிடைக்கும். ஸ வுக்கு வேண்டியதைவிட வேண்டுமென்றே நீளமாக அறுக்கிறோம். நீளமாக இருந்தால் பிறகு குறைக்கலாம்.

ஊதுமுனைக்கு உள்ளே ஒரு மரக்கட்டை வேண்டும். கடைசல் பட்டறைக்குப் போய், பூவரச மரத்தில் 18 மி.மீ. கனத்தில் ஓர் அடி நீளக் கோல்கள் கடைந்து வாங்கினேன். பூவரசு வாயில் வைத்தால் ருசி எதுவும் ஏறாத மரம். கோலை 30 மி.மீ. துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றின் மேல்பக்கத்தையும் முனைக்கு முனை தட்டையாக அரம் போட வேண்டும். இந்தத் தட்டையின் அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 9 மி.மீ. அகலம் வரும்வரை தேய்த்தால், குழாயின் வளைந்த சுவருக்கும் தட்டைக்கும் நடுவே சுமார் 1.2 மி.மீ. உயரமான ஒரு சந்து கிடைக்கும். காற்று போகிற வழி அது. 12 மி.மீ. வரை தேய்த்த கட்டைகளில் சந்து பெரிதாகி, மூச்சு வீணாகி, புஸ்ஸென்ற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. 7 மி.மீ.க்குள் நிறுத்தியவை ஒலித்தன, ஆனால் பிள்ளைகள் முக்கி ஊத வேண்டியிருந்தது.

குழாயின் முனையிலிருந்து சரியாக 30 மி.மீ. தள்ளி ஜன்னல், அதாவது குழாய்ச் சுவரில் வெட்டுகிற திறப்பு. குழாயின் நீளவாக்கில் 6 மி.மீ., குறுக்கே 9 மி.மீ. முதலில் சின்ன டிரில்லில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை, அப்புறம் சின்னத் தட்டை அரத்தால் சதுரமாக்க வேண்டும். ஜன்னலின் தொலைவான விளிம்பை வெளிப்பக்கத்திலிருந்து ஒரு 12 மி.மீ. நீளத்துக்குச் சரிவாக இழைத்து, விளிம்பைக் கத்தி மாதிரி ஆக்க வேண்டும். கட்டையை உள்ளே தள்ளி அதன் முகம் ஜன்னலின் பக்கத்து விளிம்போடு சேரும்படி நிறுத்தினால், சந்திலிருந்து வருகிற காற்று நேராக அந்தக் கூர்விளிம்பில் மோதும். ஒலி பிறப்பது அங்கேதான்.

முதலில் செய்தவற்றில் சில கரகரத்தன. ஜன்னலை மறுபடி மறுபடி அரம் போட்டதில் அது பெரிதாகிப் போனதே தவிர கரகரப்பு போகவில்லை. காரணம் விளிம்பில் இல்லை, கட்டையில். கட்டையின் உள்முனையில், தட்டைப் பக்கத்து ஓரத்தை அரை மி.மீ. அளவுக்குச் சாய்வாக மழித்தேன். மணல்தாளில் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். குழல் தெளிந்தது. இப்போது எல்லாக் கட்டைக்கும் இதை முதலிலேயே செய்துவிடுகிறேன். கட்டையைப் பசை போட்டு ஒட்டவில்லை. டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றி இறுக்கமாகச் செருகினால் போதும், கழுவும்போது கழற்றலாம். வாயில் வைக்கிற இடத்தில் குழாயையும் கட்டையையும் சேர்த்து அடிப்பக்கம் சாய்வாக அறுத்துத் தேய்த்துவிட்டால் உதட்டுக்கு வசதி.

இனி சுருதி. துளை போடுவதற்கு முன் ஸ வந்துவிட வேண்டும். சுருதியை அளந்து காட்டுகிற டியூனர் ஆப்பில் 523 ஹெர்ட்ஸ், அதாவது பிள்ளைகள் பாடுகிற 1 கட்டைக்கு ஒரு ஸ்தாயி மேலே. மெதுவாக ஊதிப் பார்த்துக்கொண்டே அடிமுனையை 2 மி.மீ., 1 மி.மீ. என்று குறைத்துக்கொண்டே வர வேண்டும். பெரும்பாலானவை 32, 33 செ.மீ.க்குள் வந்து நின்றன. ஜன்னல் ஒன்றுபோல் இல்லாததால் நீளமும் ஒன்றுபோல் இல்லை. ஒரே நீளத்தில் எல்லாவற்றையும் அறுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஸ கிடைத்த பிறகு அடிமுனையிலிருந்து அளந்து நாலு புள்ளி: 58, 88, 134, 153 மி.மீ. கீழிருந்து ரி, க, ப, த. ஒவ்வொன்றையும் 5 மி.மீ. டிரில்லில் போட்டு, வட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அகட்ட வேண்டும். துளை பெரிதாக ஆக சுருதி ஏறும். என்னுடையவை 7 மி.மீ. பக்கம் முடிந்தன. கீழ்த்துளையிலிருந்து மேலே போக வேண்டும், ஏனென்றால் மேல் துளையின் சுருதி கீழே என்ன திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதிகமாக ஏறிவிட்டால் துளையின் மேல்விளிம்பில் பிறைபோல ஒரு சின்ன டேப் துண்டு ஒட்டினால் இறங்கிவிடும்.

காந்தாரத்தில் (க) ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். டியூனரில் முள் நடுவில் நிற்கும்படி முதல் ஐந்தாறு குழல்களை முடித்திருந்தேன். அந்த நாகஸ்வரக்காரர் மறுபடி வந்தபோது வாங்கி ஊதிப் பார்த்தார். “மத்ததெல்லாம் சரி சார், காந்தாரம் தூக்கலா இருக்கு” என்றார். தம்பூராவோடு சேர்த்து வைத்துக் கேட்டபோது எனக்கும் உறுத்தியது. அந்த ஆப் காட்டுவது மேற்கத்திய கீபோர்டின் சமப் பங்கீட்டுச் சுருதி, அதாவது ஒரு ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரித்தது. தம்பூராவின் ஸ வோடு இழைகிற அந்தரகாந்தாரம் (மோகனத்தின் க) அதைவிட 14 சென்ட் கீழே இருக்கிறது. அந்த 12 பங்கில் ஒன்றை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். ரி, ப இரண்டும் கீபோர்டுச் சுருதியிலிருந்து ஒன்றிரண்டு கோடு தாண்டாதவை, அதனால் தெரியவில்லை. தைவதமும் கொஞ்சம் இறங்கியே நிற்க வேண்டும். அதன் பிறகு க, த இரண்டையும் டியூனர் பார்க்காமல் தம்பூராவை ஓடவிட்டுக் காதால்தான் வைத்தேன். பிள்ளைகளையே அரம் போட விட்டு, “சேருதா, இன்னும் வேணுமா?” என்று கேட்டேன். பாண்டியில் ஊறிய காது. பெரும்பாலும் சரியான இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள்.

விரல் வைப்பதையும் பிள்ளைகள்தான் தீர்த்தார்கள். மேலே இரண்டு துளைக்கு இடது கை, கீழே இரண்டு துளைக்கு வலது கை. இரண்டு கையிலும் ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். மேல் ஜோடிக்கு இடைவெளி 19 மி.மீ., சரியாகப் பொருந்தியது. கீழ் ஜோடிக்கு 30 மி.மீ., நடுவிரலை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. நான்காம் வகுப்பில் எல்லோரையும்விடச் சின்னக் கை உள்ள ஒரு பையன், நடுவிரலைத் தூக்கிவிட்டு மோதிர விரலை வைத்திருந்தான். ஆள்காட்டிக்கும் மோதிர விரலுக்கும் அந்த வயதில் இயல்பான தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்புறம் எல்லோருக்கும் அதுவே முறையாகிவிட்டது. ஒழுகல் நின்றது.

கற்பித்ததில் புதிதாக ஒன்றும் இல்லை, பாட்டு முன்னாலேயே தயாராக இருந்தது. இடது ஆள்காட்டி விரல் மட்டும் மூடினால் ப. நடுவிரலும் சேர்ந்தால் க. மாடு ரெண்டு மேயுது அப்படியே வந்துவிட்டது. எல்லா விரலையும் எடுத்தால் த. ஆகவே ஒரு கையை வைத்துக்கொண்டே மூன்று வரிப் பாட்டும் முடிந்தது. வலது கை இறங்கி ரி, ஸ பிடிப்பதற்குத்தான் நாள் ஆனது. கீழ் ஸ வுக்கு மூச்சு மென்மையாக இருக்க வேண்டும், கொஞ்சம் அழுத்தினாலும் மேல் ஸ்தாயிக்கு எகிறிவிடும். ஆற்றுகிற பாலில் ஊதுவது மாதிரி ஊதாதே, கண்ணாடியில் ஆவி படிய ஊது என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். செய்தித்தாள் பட்டையில் நன்றாக எண்ணியவர்களுக்கு இதுவும் சீக்கிரம் வந்தது.

பாண்டியும் குழலோடு சேர்ந்தது. இப்போது ஐந்தே கட்டம். ஒருத்தி குதிக்க, மற்றவர்கள் ஊதுவார்கள். அவள் ஒரே கட்டத்தில் நாலு தரம் குதித்தால் இவர்களும் நாலு தரம் நாக்கைத் தட்டி ஊத வேண்டும். நாக்கால் ‘து து’ என்று பிரித்து ஊதுவதைச் சொல்லித்தர நான் பட்ட பாடு வீண். குதிகால் சத்தத்தைக் கேட்டுத்தான் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

எச்சில் இன்னொரு தலைவலி. கால் மணி நேரம் ஊதியதும் சந்துக்குள் துளிகள் சேர்ந்து ஒலி அடைத்துக்கொள்ளும். மரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கட்டும் என்று சில கட்டைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். அவை இன்னும் மோசமாகக் களகளத்தன. எண்ணெய்ப் பரப்பில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நின்று வழியை அடைக்கிறது. மாற்று வழி மிக எளிது. பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் ஒரு சொட்டு, தண்ணீர் பத்து சொட்டு, சந்துக்குள் விட்டு ஊதி வெளியேற்றிக் காயவிட்டால், ஈரம் படலமாகப் பரவி வடிந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் கட்டையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துவது பிள்ளைகள் பொறுப்பு. கட்டையிலும் குழாயிலும் ஒரே எண் எழுதியிருக்க வேண்டும். ஒரு குழலின் கட்டை இன்னொரு குழலுக்குச் சேராது.

செலவு: குழாய் 3 மீட்டர் 270 ரூபாய் வீதம் மூன்று, 810. பூவரசக் கோல் மூன்று, கடைசல் கூலியோடு 240. சின்ன அரங்கள் கொண்ட செட் 180. மணல்தாள் 40, டெஃப்லான் டேப் 30. மொத்தம் 1,300 ரூபாய்க்கு 24 குழல், ஒன்றுக்கு 54 ரூபாய். டிரில் பக்கத்து எலெக்ட்ரீஷியனிடம் இரவல். அறுப்பதும் டிரில் போடுவதும் நான். தேய்ப்பது, அளப்பது, டேப் சுற்றுவது, காதால் சரிபார்ப்பது பிள்ளைகள். தூள் பறக்காமல் இருக்க மணல்தாளை நனைத்துக்கொண்டு தேய்த்தோம்.

அடுத்த முறை சில மாற்றங்கள் செய்வேன். ஜன்னலை ஒவ்வொன்றாகக் கையால் சதுரமாக்குவதில்தான் நேரம் போகிறது. இரும்புத் தகட்டில் ஓர் அச்சு வெட்டிக் குழாய்மேல் கட்டிக்கொண்டால் எல்லா ஜன்னலும் ஒரே அளவில் வரும், நீளம் திருத்துகிற வேலையும் குறையும். மூன்றாம் வகுப்புக்கு இதைவிடச் சின்னதாக, 5 கட்டையில், அரை அங்குலக் குழாயில் செய்து பார்க்க வேண்டும். துளைகளின் அளவை எல்லாம் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். ஒரு அங்குலக் குழாயில் துளையே இல்லாமல் ஸ மட்டும், ப மட்டும் ஊதுகிற பெரிய குழல்கள் இரண்டு செய்துவிட்டால், செல்போனை அணைத்துவிட்டுச் சுருதியையும் பிள்ளைகளே ஊதலாம்.

இப்போது ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேர், சில்லை எடுத்துவிட்டால் என்ன ஆகும் சார், ம துளையையும் போடுங்க என்று கேட்கிறார்கள். க வுக்கும் ப வுக்கும் நடுவே 46 மி.மீ. இடம் இருக்கிறது. மிச்சமிருக்கிற குழல்களில் ஒன்றில், அடியிலிருந்து 105 மி.மீ.யில் 4 மி.மீ. துளையாகத் தொடங்கிப் பார்க்கப் போகிறோம்.